காவிக் கோடிட்ட அட்டை

கடந்த ஆண்டு செப்டம்பர் மாதம் ஏழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடத்துக்குப் பெரியப்பா என்னிடம் தடித்த அட்டை ஒன்று கேட்டார். நிமிடத்தோடு சொல்ல முடிவதற்குக் காரணம் இருக்கிறது. அதற்குச் சற்று முன்புதான் பெரியம்மாவின் கைப்பேசியில் ஓர் அழைப்பு வந்து முடிந்திருந்தது. முடிந்த நேரம் ஏழு முப்பத்தெட்டு என்று திரையில் நின்றது. பெரியம்மாவின் கையில் மாவு ஒட்டியிருந்ததால் கைப்பேசியை நான்தான் அவர் காதோடு பிடித்துக்கொண்டிருந்தேன். எதிர்முனையில் பேசியதும் எனக்குக் கேட்டது. திருக்கழுக்குன்றத்திலிருந்து ஒருவர். மறுநாள் காலை எட்டரை மணிக்கு வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

தோசைக் கல்லிலிருந்து கண்ணை எடுக்காமலே பெரியம்மா எனக்கு விவரம் சொன்னார். வண்டி அவர் பெயரில் பதிவானது. பெரியப்பாவின் கையெழுத்து தேவையில்லை. மூன்று மாதமாக ஓடாமல் நிற்கும் வண்டியை இன்னும் வைத்திருப்பதில் பொருளில்லை. "அவராண்ட சொன்னா வண்டிக்கு முன்னாடி வந்து படுத்துக்குவாரு. நாளைக்குக் கட்டு மாத்தற நாளு. நீ காலைலயே ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு பூடு. திரும்பி வரப்போ வண்டி இருக்காது. ஒரு நாளு கத்துவாரு, அப்பறம் அடங்கிப்பூடும்." நான் சரி என்றேன். யோசித்துச் சொன்ன சரி அன்று. பெரியவர்கள் ஒரு வேலையைச் சொல்லும்போது வாயில் தானாக வரும் சரி. அந்தச் சொல்லின் ஈரம் காய்வதற்குள் வாசலிலிருந்து பெரியப்பாவின் குரல் கேட்டது.

"தடியா அட்டை எதுனா கீதா பாரும்மா. தொட்டா வளையக் கூடாது."

அவர் என் அப்பாவின் அண்ணன். செங்கல்பட்டில் தமிழ் இலக்கியம் படிப்பதற்காகப் படாளத்தில் உள்ள அவர் வீட்டுக்கு நான் வந்து அப்போது மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. பிக்கப் வண்டி ஒன்றில் மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களிலிருந்து கற்சிலைகளை ஏற்றிச் சென்று ஊர்க்கோவில்களில் இறக்குவது அவருடைய தொழில். ஒரு விடுமுறை நாளில் உடன் சென்று பார்த்திருக்கிறேன். வண்டித் தளத்தில் வைக்கோலை முழங்கால் உயரம் பரப்பி, சிலையை மல்லாக்கக் கிடத்தி, இருபுறமும் மணல் மூட்டைகளை அணைத்து, முகத்தை மட்டும் ஒரு புது வேட்டியால் சுற்றிக் கட்டினார். பிறகு செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளினார். சிலை இறங்கும்வரை வெறுங்காலோடுதான் ஓட்டினார். எல்லா ஓட்டுநர்களும் இப்படிச் செய்வதில்லை. சிலையைச் செதுக்கிய சிற்பி அவருக்கு நெடுநாள் நண்பர்; அன்றும் இதைச் சொல்லிக் கேலி செய்தார்.

"கண்ணு தொறக்கற வரைக்கும் அது கல்லுதான் அண்ணாத்த. நானே அது நெஞ்சு மேல குந்திகினுதான் செதுக்கறேன். ஒனக்கு இன்னாத்துக்கு இந்த வேஷம்?"

பெரியப்பா வண்டியைக் கிளப்பிக்கொண்டே பதில் சொன்னார். "நீ செய்யறவன். நான் கூட்டிகினு போறவன்."

இந்தப் பதிலை நான் வெகு நாள் வியந்துகொண்டிருந்தேன். பாடக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கூட வைத்திருந்தேன். சித்திரை மாதத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை.

சித்திரையில் மதுராந்தகத்துக்கு அப்பால் ஒரு சிற்றூருக்கு அம்மன் சிலை போனது. செய்தவர் அதே சிற்பிதான். திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி, தார்ப்பாய் போர்த்தாத ஒரு ஜல்லி லாரிக்குப் பின்னால் போகும்போது கல் ஒன்று தெறித்தது. பெரியப்பாவின் வண்டியில் முன்பக்கத்துக் கிரில்லின் மூன்று பட்டைகள் ஓராண்டாகவே உடைந்து கிடந்தன. அந்த இடைவெளி வழியே போன கல் நேராக ரேடியேட்டரில் பட்டது. தண்ணீர் கசிந்தது, இன்ஜின் கொதித்தது. வேறு சுமையாக இருந்திருந்தால் ஓரங்கட்டியிருப்பார். சிலையை வழியில் இறக்கக் கூடாது. பிரதிஷ்டைக்கு முந்தைய சடங்காக, உச்சிப் பொழுதுக்குள் அதை நெல்லில் கிடத்தியாக வேண்டும். நின்று நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஓட்டினார். அவர் கால் வைத்திருந்த இரும்புத் தகடு அடுப்பில் வைத்தது போலக் காய்ந்திருக்க வேண்டும். அவருக்குத் தெரியவில்லை. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இரண்டு பாதங்களும் மரத்துவிட்டதை அவர் எங்கள் யாரிடமும் சொன்னதில்லை. கோவில் முற்றத்தில் அவர் நடந்தபோது கருங்கல் தரையில் வெந்துபோன வலது பாதத்தின் ஈரத் தடம் மட்டும் ஒவ்வோர் அடியிலும் பதிந்ததாம். யார் இப்படித் தண்ணீரைச் சிந்திக்கொண்டே போவது என்று ஒரு பெண் கேட்டாளாம். பெரியப்பாவும் யார் என்று திரும்பிப் பார்த்தாராம்.

ஆனி மாதம் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

மருத்துவமனையில் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் செருப்பைப் பற்றித்தான் பேசினார்கள். செருப்பு போட்டிருந்தால் கால் போயிருக்காது என்பது சிறு பிள்ளைக்கும் தெரிந்த உண்மை. பெரியப்பா மட்டும் அதை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அவருடைய காரணம் வேறாக இருந்தது. மூன்று பட்டை உடைந்ததால் கல் உள்ளே போனது. கல் போனதால் தண்ணீர் போனது. தண்ணீர் போனதால் சூடு ஏறியது. சூடு ஏறியதால் கால் போனது. "அந்தக் கிரில்ல அன்னிக்கே மாத்தாம வுட்டேன் பாரு, அதான் தப்பு" என்பார். கிரில்லில் தொடங்கி காலில் முடியும் அந்தக் கணக்கை அவர் ஆடி முழுதும் கட்டிலில் படுத்தபடி போட்டுக்கொண்டிருந்தார். கணக்கில் பிழை ஏதும் இல்லை. அதில் விடுபட்டிருந்த ஒன்றைச் சேர்க்க எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. சேர்த்திருந்தால், இருபத்தைந்து ஆண்டுகள் அவர் கழற்றிவைத்த செருப்புகள் அத்தனையும் அந்த வாசலில் வந்து விழுந்திருக்கும்.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கிரில்லைச் சரிசெய்யத் தொடங்கினார். கடையில் விற்கும் பிளாஸ்டிக் கிரில் வேண்டாம், கல் புகாதபடி சாய்சதுரக் கண்கள் கொண்ட இரும்பு மெஷ் போட வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தார். அந்த வண்டிக்கு அளவு எடுத்துத்தான் மெஷ்ஷை வெட்ட முடியும். பழைய மோதல் ஒன்றில் இடது மூலை உள்ளே மடங்கியிருந்ததால், அதன் முகத்துக்குப் பொருந்தும் அச்சு எந்தக் கடையிலும் கிடைக்காது.

வீட்டில் இருந்த ஒரே தடித்த அட்டை, அவருடைய வாக்கர் வந்த பெட்டி. வேறு ஏதாவது தேடலாமா என்று தயங்கினேன். பிறகு அதையே பிரித்துக்கொண்டு போனேன். பெரியப்பா வாக்கரை ஊன்றி மெல்ல நடந்து போய், புங்க மரத்தடியில் நின்ற வண்டியின் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தார். உடைந்த கிரில்லின் திருகுகளை அவர் கழற்ற, நான் வாங்கி ஒரு கிண்ணத்தில் போட்டேன். அளவெடுத்த முறை எனக்குப் புதிது. சிற்பக் கூடத்திலிருந்து அவர் கற்றுவந்தது. கல்லில் கோடு போடச் சிற்பிகள் பயன்படுத்தும் காவியைக் குழைத்து, திறந்து கிடந்த வாயின் விளிம்பு முழுவதும் விரலால் தடவினார். அட்டையை அதன்மேல் வைத்து இரு கைகளாலும் அழுத்தச் சொன்னார். எடுத்துப் பார்த்தால் வண்டியின் வாய் சிவப்புக் கோடாக அட்டையில் விழுந்திருந்தது. இடது மூலையில் அந்தக் கோணல் அப்படியே இருந்தது. கோட்டின்மேல் கத்தரித்தேன். எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும் என்பது மாறிவிடாதபடி ஒரு பக்கத்தில் 'வெளிப்பக்கம்' என்று எழுதினேன். அதே பக்கத்தில், பெட்டியில் அச்சடித்திருந்த குடைப் படத்தின் பாதியும் மேல்நோக்கிய அம்புக்குறி ஒன்றும் எஞ்சி நின்றன.

பத்து மணிக்குச் சிற்பி தன் இரு சக்கர வண்டியில் வந்தார். சுருட்டிய மெஷ்ஷும் வெட்டும் இயந்திரமும் பின்னால் கட்டியிருந்தன. அட்டையைத் தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, மூஞ்சி கோணிகினு கீது? ரெண்டு தட்டு தட்டி நேராக்கிடட்டா?"

"ஒன் பொம்மைக்கு நேராக்கிக்கோ. இத்த இருக்கறாப்பலயே வெட்டு."

"பொம்மையா? அதுக்குத்தான செருப்ப அவுத்துட்டு ஓட்டினே?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது சிற்பிக்குப் புரிந்தது. பெரியப்பாவின் வேட்டியின் வலப்பக்கம் ஸ்டூலில் இருந்து காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சிற்பி உடனே இயந்திரத்தை இயக்கினார். அதன் இரைச்சல் தேவைக்கு மேலும் சற்று நேரம் நீடித்தது.

அச்சின் அளவைவிட ஓர் அங்குலம் கூடுதலாக வெட்டி, விளிம்பை மடித்து மரச் சுத்தியலால் தட்டினார்கள். வெட்டிய இடங்களில் கம்பி கூராக நின்றது. அரம் கொண்டு தேய்ப்பது என் வேலை. கறுப்பு வண்ணம் பீய்ச்சி வெயிலில் சாய்த்துவைத்தோம். காயும் நேரத்தில் பெரியப்பா தை மாதத்தைப் பற்றிப் பேசினார். பெடல்களை இடது பக்கம் மாற்றித் தரும் மெக்கானிக் ஒருவர் மேல்மருவத்தூர்ப் பக்கம் இருக்கிறாராம். இடது காலால் மிதித்துப் பழகிக்கொண்டால் போதுமாம். தையில் போக வேண்டிய பிள்ளையார் சிலை யாருக்கு என்று சிற்பியிடம் கேட்டார்.

"ஒனக்குத்தான் அண்ணாத்த. வேற யாருக்குக் குடுக்கப்போறேன்?" என்றார் சிற்பி.

அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்த்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது என்பதை அந்தப் பார்வையில் உணர்ந்தேன். வண்டியை வாங்க ஆளைப் பிடித்துக் கொடுத்ததே அவர்தான் என்று பிறகு பெரியம்மா சொன்னார். பெரியப்பா சமாதானம் அடைந்தவராய் அடுத்த கேள்விக்குப் போனார்: வலைக் கண்ணில் மாலை கட்டக் கம்பி வைக்க வேண்டாமா?

மதிய உணவுக்குப் பின் சிற்பி கிளம்பிவிட்டார். மெஷ்ஷைப் பொருத்தும் வேலை எங்கள் இருவருக்குமாக மிஞ்சியது. எட்டு போல்ட்டுகள். வண்டிக்கு முன்னால் ஸ்டூலில் அமர்ந்து அவர் ஸ்பேனரால் திருக வேண்டும். மூடியைத் திறந்து, மேலிருந்து கையைவிட்டு, உள்ளே நட்டு சுழலாமல் நான் பிடிக்க வேண்டும். என் புறங்கை புது ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளில் உரசிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தால் மெஷ்ஷுக்கு அப்பால் அவர் முகம் சிறு சிறு சாய்சதுரங்களாகத் தெரிந்தது. ஒரு கண்ணில் அவர் கண், அடுத்த கண்ணில் நரைத்த மீசையின் பாதி. ஒவ்வொரு போல்ட்டுக்கும் "புடிச்சிகினியா?" என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் "புடிச்சிகினேன் பெரியப்பா" என்றேன். அந்தப் பேச்சு எனக்கு அந்த வீட்டில் ஒட்டிக்கொண்டது.

முதல் போல்ட்டிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். நாளை இந்த வண்டி இங்கே இருக்காது என்பது ஐந்தே சொற்கள். இரண்டாவதில், முடியட்டும் என்று தள்ளிவைத்தேன். ஐந்தாவது போல்ட் மடங்கிய இடது மூலையில் இருந்தது. துளை பொருந்தாமல் அரை மணி நேரம் போராடினோம். அவர் நெற்றியிலிருந்து வியர்வை மெஷ்மேல் சொட்டியது. பொருந்தியதும் சிரித்தார். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு சொல்வது முடியாமல் போயிற்று. எட்டாவதை அவர் இறுக்கியபோது, சொல்லாமலிருப்பதற்கு எனக்கு இருந்த காரணங்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. சொல்லாமலிருப்பது மட்டும் மிச்சம் இருந்தது.

மாலை நான்கரைக்கு என்னை ஓட்டுநர் இருக்கையில் ஏற்றி வண்டியைக் கிளப்பச் சொன்னார். மூன்று மாதம் தூங்கிய வண்டி இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. என் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கேட்டு வாங்கி மெஷ்மேல் வைத்துக் கையை எடுத்தார். உள்ளே விசிறி இழுத்த காற்றில் தாள் கீழே விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றது.

"பாத்தியா? காத்து நல்லாப் போவுது, கல்லுதான் போவாது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இனிமே ஒண்ணும் ஆவாது" என்று தமக்கே சொல்லிக்கொண்டார்.

வெப்பமானியின் முள் நடுவில் அசையாமல் நின்றது. பெரியம்மா வாசல்வரை வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். வேண்டாத துண்டுகளை நான் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பெரியப்பா அட்டையைக் காட்டி, "அத்தத் தூக்கிப் போட்டுடாத. அடுத்த வாட்டி வேணும்" என்றார். பாதி வெளியே நீட்ட என் கல்லூரிப் பையில் செருகிக்கொண்டேன்.

பெரியம்மா எதிர்பார்த்தது போல அவர் கத்தவில்லை. மறுநாள் மதியம் நாங்கள் திரும்பியபோது புங்க மரத்தடியில் எண்ணெய்ச் சொட்டுகளும் நான்கு சக்கரங்கள் நின்ற பள்ளங்களும் இருந்தன. ஆட்டோவிலிருந்து இறங்காமலே பார்த்தார். பெரியம்மா சொல்வதைக் கடைசிவரை கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "மெஷ்ஷோடவா போச்சு?" ஆமாம் என்றார் பெரியம்மா. பெரியப்பா தலையை ஆட்டினார். அதன்பின் வண்டியைப் பற்றியோ தை மாதத்தைப் பற்றியோ அவர் பேசவில்லை. என்னிடம் கோபமும் காட்டவில்லை. சாப்பிட்டாயா என்று வழக்கம்போலவே கேட்டார். ஐப்பசியில் இடது குதிகாலில் ஒரு புண் வந்தது. கார்த்திகை முடிவதற்குள் இறந்துபோனார். பிள்ளையார் சிலை தையில் வேறொருவர் வண்டியில் போயிற்று.

செங்கல்பட்டில் எப்போதாவது அந்த வண்டியைப் பார்க்கிறேன். இப்போது அதில் குடிநீர்க் கேன்கள் போகின்றன. மெஷ் இன்னும் உறுதியாக இருக்கிறது. எட்டு போல்ட்டும் அப்படியே. அட்டை என் புத்தக அலமாரிக்குப் பின்னால் சுவரோடு சாய்ந்து நிற்கிறது. காவிக் கோடு மங்கவில்லை. அதற்கு இனி எந்தப் பயனும் கிடையாது. பொருந்தக்கூடிய ஒரே வாய் திருக்கழுக்குன்றத்தில் இருக்கிறது. அதற்கும் அச்சு தேவைப்படாதபடி நாங்களே மூடிவிட்டோம். ஆனாலும் அதை எடுத்து எறிய முடியவில்லை. அவர் எறிய வேண்டாம் என்று சொன்னது மட்டுமே காரணம் என்று சொல்லிக்கொண்டால் அது பொய். மெஷ் பொருத்திய மறுநாள் காலை அந்த அட்டையைக் கொண்டு நான் ஒன்று செய்தேன்.

எட்டு மணிக்குப் பெரியப்பாவை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். வாக்கரோடு அவர் ஏற இடம் கொடுக்கும் பேருந்து கிடைக்கத் தாமதமாயிற்று. ஒருவழியாக வலப்பக்கத்து இருக்கையில் அமர்ந்தோம்; சன்னலோரத்தில் நான், அவர் என் இடப்புறம். மாமண்டூர் நிறுத்தத்தில் ஆள் ஏற்றுவதற்காகப் பேருந்து நின்றது. அப்போது பின்னால் தொலைவில் ஒரு வண்டியின் சத்தம் எழுந்தது. பெரியப்பா பேச்சை நிறுத்திக் காதைக் கொடுத்தார்.

"நம்ம வண்டி சத்தமாட்டம் கீது."

"எல்லாப் பிக்கப்பும் அதே சத்தந்தான் பெரியப்பா" என்றேன்.

அவர் சன்னல் பக்கம் கழுத்தை நீட்டினார். கிழக்கு வெயில் அவர் முகத்தில் விழுந்தது. நான் பையிலிருந்து அட்டையை உருவி, வெயிலை மறைப்பவளைப் போலச் சன்னலில் பொருத்திப் பிடித்தேன். வெளிப்பக்கம் என்று நான் எழுதியிருந்த பக்கம் வெளியே இருந்தது. அட்டைக்கு அப்பால், ஒரு முழத் தொலைவில், சத்தம் எங்களைக் கடந்து முன்னே போயிற்று.

"வெயிலு எனக்கு ஒண்ணும் பண்ணலம்மா. அத்த எடு."

நான் எடுக்கவில்லை. பேருந்து கிளம்பியது. பாலாற்றுப் பாலம் முடியும்வரை அட்டையை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.